கால் டாலர்

ஞாயிறு இரவு எட்டு மணி.
சகோதரியர் இல்லத்தின் கீழ்த்தள அறை.
வெளியே அயோவாவின் நவம்பர்,
அறுவடை முடிந்த சோளக்கொல்லையில் வெறும் தட்டை.
முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம், பாதிப்பேர் பைஜாமாவில்.
குறிப்பெடுப்பவள் நான்.

சேவைக்குழுத் தலைவி மாரென் தோர்ஸ்கார்ட்
வெள்ளைப்பலகையில் எழுதுகிறாள்:
கார் கழுவுதல்.
(அழிக்கிறாள். குளிர்.)
பாப்கார்ன் விற்றுப் பசிநிவாரண நிதி.
யானைப் பசிக்குச் சோளப்பொரி,
அதுவும் சோளம் விளைகிற ஊரிலேயே.

"சட்டை என்ன நிறம்?"
முதல் கேள்வி அதுதான்.
லாவெண்டரா, புதினாப் பச்சையா
என்பதற்கு இருபத்தேழு நிமிடம் போயிற்று.
போன வருடத்துச் சட்டைகள் நாற்பத்தொன்று
மாடிப்படிக்கு அடியில்
பெட்டி பிரிக்காமல் இருப்பதை
யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

தலைமையகம் அனுப்பிய படிவத்தில் மூன்று கட்டங்கள்:
எத்தனை பேர். எத்தனை மணி நேரம். எவ்வளவு டாலர்.
"யாருக்கு என்று ஒரு கட்டம் இல்லையே"
என்றாள் கடைசி வரிசை பிரிசில்லா யோடர்.
செமஸ்டருக்கு ஒருமுறை வாய் திறப்பவள்.

திங்களன்று மாரென் போனை எடுத்தாள்.

உணவு வங்கியில்:
"நவம்பரில் வராதே கண்ணு.
பண்டிகை என்று எல்லோரும் வருகிறார்கள்,
ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்துவைக்க மூன்று பேர்.
பிப்ரவரியில் வா. செவ்வாய், மதியம் இரண்டு மணி.
அப்போது ஈ காக்கை இருக்காது."

முதியோர் இல்லத்தில்:
"பாட்டு வேண்டாம், போதும் போதும் என்றாகிவிட்டது.
சீட்டாட ஆள் அனுப்புங்கள்.
இரக்கப்பட்டுத் தோற்பவர்களை அனுப்பாதீர்கள்,
கண்டுபிடித்துவிடுகிறார்கள்."

சலவை நிலையத்தில் க்ளெண்டா ருஸிச்கா:
"எனக்கு ஒன்றும் வேண்டாம்.
மாதக் கடைசியில்
உலர்த்தும் எந்திரத்துக்குக் காசில்லாமல்
ஈரத்துணியை அப்படியே தூக்கிப்போகிறார்கள்.
வீடு போய்ச் சேருமுன்
குழந்தைகளின் கால்சட்டை விறைத்துப்போகிறது.
கால் டாலருக்கு ஏழு நிமிடச் சூடு.
கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

"சலவைக் கடையில் நின்றா படம் எடுப்பது?"
வாக்கெடுப்பு: பத்தொன்பதுக்குப் பதினேழு.
இரண்டு பேர் தூக்கம்.

முதல் வியாழன் பதாகையோடு போனோம்.
நான்காம் எந்திரத்தின் "பழுது" அட்டையை அது மறைக்க,
க்ளெண்டா கழற்றச் சொன்னார்.
இறைச்சித் தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர்,
இரண்டு பிள்ளைகளோடு.
மாரென் காசு நீட்டினாள்.
அவர் அவள் கையைப் பார்த்தார்,
எங்கள் சட்டையின் கிரேக்க எழுத்துகளைப் பார்த்தார்,
ஈர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு
வெளியே போனார்.

திரும்பி வரும்போது வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

அடுத்த வாரம் பிரிசில்லா
தன் அழுக்குத் துணியை எடுத்து வந்தாள்.
எங்களிடம்தான் அழுக்குக்குப் பஞ்சமில்லையே.
ஆறு மணிக்கு முன்பே
ஒவ்வொரு எந்திரத்தின் தலையிலும்
நான்கு நான்காக நாணயம் அடுக்கிவைத்துவிட்டு,
துவைக்க வந்தவர்களாக உட்கார்ந்தோம்.
கால் என்றால் நான்கில் ஒன்று.
ஒருவர் நிற்பதற்கும் அதுதான் வேண்டும்.

யார் எடுத்தார்கள் என்று பார்க்கக்கூடாது என்பது விதி.
நான் மீறினேன், ஒரே ஒருமுறை:
ஒரு சிறுவன் வட்டக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
சுழலும் தன் பச்சைக் காலுறையை எண்ணிக்கொண்டிருந்தான்,
அது மேலே வரும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று.

படிவம் திரும்பி வந்தது: முழுமையாக இல்லையாம்.
எத்தனை பேருக்கு என்று நான் எதை எழுத?

பிப்ரவரிச் செவ்வாய்க்கு ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
சீட்டாட்டத்தில் மாரென் பதினொரு டாலர் கடன்.
சட்டை: மறுபடி விவாதம், பதினான்கு நிமிடம்.
முன்னேற்றம்தான்.