தண்ணீர் கேட்டு வந்தவர்

தார்த்து நகரில் பிப்ரவரி.
தாய் ஆறு என்று இவர்கள் அழைக்கும் ஆறு
வெள்ளைப் பலகையாகக் கிடக்கிறது.
ஆய்வகத்தில் மட்டும் இருபத்தைந்து பாகைச் சூடு.

ஊர்வே முதல் குப்பியில் வெறும் நீர் வைத்தாள்.
அடுத்ததில் நூற்றுக்குப் பத்து அசிட்டோன்.
அதற்கடுத்து இருபது. இப்படியே அறுபது வரை.
நொதி எல்லாவற்றிலும் ஒரே அளவு:
பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த சாம்பல் தூள்.

பத்தில் வேகம் கூடியது.
பிழை என்று குப்பியைக் கழுவி மறுபடி செய்தாள்.
மறுபடியும் கூடியது.
"கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் எனக்கும் அப்படித்தான்"
என்றான் பிரீதிக், வாசலுக்கு வெளியே நின்று
கறுப்பு ரொட்டி தின்றபடி. உள்ளே தின்னத் தடை.

முப்பதில் ஒரு தயக்கம்.
நாற்பத்தைந்தில்
படி இருக்கிறதென்று இருட்டில் கால் வைத்து
இல்லாமல் போனது.

பகையாளியாக வரவில்லை அசிட்டோன்.
விருந்தாளியாக வந்தது.
தாகம் என்றது.
கேட்டவருக்குத் தண்ணீர் இல்லையென்று
சொல்லத் தெரியாத வீடு அந்தப் புரதம்.
மேலே போர்த்தியிருந்த நீரை
ஒரு வாய், இன்னொரு வாய் என்று கொடுத்தது.
உள்ளே மடித்து வைத்திருந்த எண்ணெய்ப் பக்கம்
வெளியே தெரிந்த பிறகும்
கொடுத்தது.

நாற்பத்தைந்தில் நீர் சேர்த்துப் பார்த்தாள்:
பாதி திரும்பியது.
அறுபதில் அடியில் வெள்ளைத் திப்பி. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை
மிச்சத் தூளை உலர்த்தி
நீரே இல்லாத ஹெக்ஸேனில் போட்டாள்.
"பிணத்தைக் குளிப்பாட்டுகிறாய்" என்றான் பிரீதிக்.
ஒரு காபி பந்தயம்.

விடியும்வரை வரைமுள் நேர்கோடு இழுத்தது.
பிறகு, தாளைக் கண்ணருகே பிடித்தால் மட்டும் தெரிகிற
ஓர் ஏற்றம்.
ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் இருக்கலாம்.
ஆனால் வேலை நடக்கிறது.

ஹெக்ஸேனுக்குத் தண்ணீர் ஆகாது, அதனால் கேட்கவில்லை.
உடம்போடு ஒட்டிய சில துளி நீர் அப்படியே இருக்க,
கலைந்துபோகக்கூட ஈரம் போதாமல்
விறைத்து நிற்கிறது நொதி,
கடைசியாக முங்கிய நீரின் புளிப்பை
இன்னும் மறக்காமல்.

குறிப்பேட்டில் எழுதினாள்:
முழு நீரில், ஆம்.
நீரின்றி, கொஞ்சம்.
பாதிப் பாதியில், இல்லை.
கடைசி வரியை மட்டும் சற்று நேரம் பார்த்திருந்தாள்.

பிரீதிக் தோற்ற காபியோடு வந்தான்.
பால் கலந்திருந்தது.
"எவ்வளவு?" என்றாள்.