ஒப்படைத்த பொருட்கள்

சிவப்புக் கொடி ஒன்று, பச்சைக் கொடி ஒன்று,
கைவிளக்கு ஒன்று, கண்ணாடியில் கீறலுடன்.
நீளக் கைபிடிச் சுத்தியல். திருகுசாவி இரண்டு.
பனிமூட்டத்துக்கான பட்டாசு பத்தில் ஏழு.
மிச்சம் மூன்று எங்கே என்றார்
நானுஓயாவிலிருந்து வந்த அதிகாரி.
அந்த மூன்றும் வெடித்ததால்தான்
மூன்று வண்டி ஆட்கள் வீடுபோய்ச் சேர்ந்தார்கள்
என்று சொல்லத் தோன்றி, சொல்லாமல்,
"வீ. இருளப்பன், பாதைக் காவலர், காலமானார்"
என்ற வரிக்குக் கீழே
என் கையெழுத்தைப் போட்டேன்.

வாசலில் படுத்திருந்தவளுக்கு
அந்தத் தாளில் இடமில்லை.

உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே
சரக்குப் பெட்டியில் வந்திறங்கியவள்.
எங்கே ஏறினாள், யாருக்கும் தெரியாது.
ரயில் குடுத்த பிள்ளைக்கு ரயில் பேர்தான் என்று
மெனிக்கே என்றார் அப்பா.
கட்டிய நாள் முதலாய் அம்மாவை
"இந்தா" தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிடாத மனுசன்
நாளுக்கு நாற்பது தரம்
மெனிக்கே, மெனிக்கே என்று
ஒஹியாப் பக்கம் கூவிக்கொண்டே போக,
கீழ் லயத்துக்குப் புதிதாய் வந்த மருமகள் ஒருத்தி
அம்மாவின் காதோரம் வந்து,
"அக்கா, அண்ணனக் கொஞ்சம் கவனிச்சிக்கிருங்க" என்றாள்.
அதற்குச் சிரித்ததுபோல் அம்மா
வேறெதற்கும் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலரை மணி. சாயத் தேத்தண்ணி.
ரொட்டியில் பாதி அவளுக்கு.
சுரங்க வாசலில் அவள்
வலது முன்காலைத் தண்டவாளத்தின் மேல் வைப்பாள்.
எடுத்தால் உள்ளே போகலாம்.
எடுக்காவிட்டால் அப்பா ஒதுங்கி நிற்பார்,
கால அட்டவணை என்ன சொன்னாலும்.
"காதால இல்லம்மா, அது காலால கேக்குது."
ஒருநாள் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு
வைத்துப் பார்த்தேன்.
குளிர்தான் ஏறியது, முழங்கால் மட்டும்.

பதுளை ஆஸ்பத்திரி, ஏழாம் வார்டு.
அம்மா அங்கே. நான் இங்கே,
அடுப்புக்கும் நாய்க்கும் துணையாய்.
இரவு எட்டு மணிக்குப் போன்.
மழை பெய்யுதா என்றார்.
லைட் பில்லு கட்டியாச்சா என்றார்.
மூச்சு வாங்கியது. பிறகு,
"அதுக்கிட்ட குடு."

குனிந்து அவள் காதோடு பிடித்தேன்.
ஸ்பீக்கரில் போடத் தோன்றவேயில்லை.
ஏதோ பேசினார். நிறையவே பேசினார்,
என்னிடம் பேசியதைவிட.
வால் அசையவில்லை.
தலையை ஒருபக்கமாய்ச் சாய்த்துக்கொண்டு
கடைசிவரை கேட்டாள்.
பிறகு போனின் ஓரத்தை ஒருதரம் நக்கினாள்.
காசு தீர்ந்து லைன் அறுந்தது.
விடிய முன்னே அம்மா எடுத்தபோது
அந்த ஓரம் இன்னும் பிசுபிசுத்தது.

குவார்ட்டர்ஸை விட்டுவிடச் சொன்னார்கள்.
அலுமாரி ஏறியது, கோழிக்கூடு ஏறியது,
அம்மாவும் ஏறினாள் வேனில்.
மெனிக்கே ஏறவில்லை.
மூன்று பேர் தூக்கிப் போட்டும் குதித்து இறங்கி
சுரங்கப் பக்கம் போய்விட்டாள்,
வேலைக்கு நேரமாகிவிட்டவளைப் போல.

அப்பாவின் இடத்துக்கு வந்தவர் விமலதிஸ்ஸ.
தெரிந்த தமிழில் மாதம் ஒருதரம் போன் எடுப்பார்:
"தங்கச்சி, பாதை எனக்குக் காட்டுறது அவதான்.
ஆணி லூஸான இடத்துல நிக்கிறா. நான் இறுக்கிற வரைக்கும் நகர மாட்டா."
பாதி ரொட்டி கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.
முழுசும் கொடுப்பதாகவும்
பாதியை வைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை
மறுபடி அவர்தான்.
"சுரங்க வாசல்ல, தங்கச்சி. கால் ரெயில்மேல.
படுத்தமாதிரி.
கால எடுக்கல்ல, அதனால நானும் ஒதுங்கி நின்னேன்.
அரை மணித்தியாலம்.
வண்டி வரல்ல."

எங்கே புதைக்கட்டும் என்றார்.
தண்ணி தேங்காத மேடாப் பாருங்க என்றேன்.
மண்வெட்டி பட்டியலில் உண்டா என்று
ஏனோ கேட்டேன்.
உண்டு என்றார்.

கேட்க நினைத்தது அதையல்ல.
இந்த ஏழு மாதமும் இருட்டுக்குள்
நீங்கள் இரண்டு பேருமாய் நடந்தபோது,
எப்போதாவது அவள்
ஏதாவது சொன்னாளா என்று.