ஈரப்பதம்

ஐப்பசித் தூறல். நீடாமங்கலம் தாண்டி
கோரையாற்றங்கரையில் எங்கள் கொள்முதல் நிலையம்.
நான் அங்கே பட்டியல் எழுத்தர், பருவத்துக்கு மட்டும்.
ஈரம் பார்க்கும் கருவியும் என் கையில்தான்.
எண் பதினேழைத் தாண்டினால் நெல் திரும்பிப் போகும்.
போகாமலிருக்க மூட்டைக்கு எவ்வளவு என்பதை
வாயால் சொல்வதில்லை.
கனகு தலையைச் சொறிவான், அவர்களுக்குப் புரியும்.

ஒன்பதரை இருக்கும். அவர் வந்தார்.
எதிர்ச்சாரலுக்குக் குடையை முன்னால் சாய்த்து,
அவசரமில்லாமல்,
சேற்றில் கால் வைக்கும் இடத்தைக்கூடப் பார்க்காமல்.
குடையை மடக்கினார்.
கஞ்சி மொடமொடக்கும் சட்டை. விபூதி. தங்க ஃப்ரேம் கண்ணாடி.
வணக்கம் சொல்லவில்லை.
வணக்கம் சொல்லாதவர்களுக்கு
நாங்கள் எழுந்து நிற்பது வழக்கம்.

என் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.
தனக்கென்றே செய்ததுபோல உட்கார்ந்தார்.
குவியலிலிருந்து நாலு நெல்லை எடுத்து
உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி,
முன்பல்லில் வைத்துக் கடித்தார்.
"ம்" என்றார்.
அந்த ஒரு "ம்"முக்குள்
திருவாரூர் மண்டல அலுவலகமே இருந்தது.

கனகு தலை சொறிவதை விட்டான்.
சாக்கின் எடை போக நாற்பது கிலோ,
ஒரு குன்றிமணி கூடவில்லை.
மூன்று நாளாய்ப் படுதாவோடு காத்துக் கிடந்த
செந்தாமரையின் நெல்
நேற்றுப் பத்தொன்பது.
ராத்திரி முழுக்க மழை.
இன்று பதினாறரை.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நாற்காலி இருந்த திசையைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அடுத்து வடிவழகன், அடுத்து கோட்டூரார் மருமகன்.
இருநூற்றுப் பதினோரு மூட்டை,
யாரும் யாரிடமும் எதுவும் வாங்காமல்.
டீ சொன்னேன்,
அவருக்கு மட்டும் கண்ணாடி கிளாஸில்.

ஒரு மணிக்கு விரலசைத்துக் கூப்பிட்டார்.
மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினேன்.
"தம்பி, இந்த ரகம் இட்லிக்கு ஆகுமா?
நாளைக்கு மன்னார்குடியில ஐந்நூறு இலை.
நம்ம சமையல்தான்.
அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

கனகு என்னைப் பார்த்தான்.
நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.
"ஒண்ணே காலுக்கு, சார்" என்றேன்.
நாக்கு இன்னும் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அவர் திரும்பி நடந்தபோதுதான் முதுகைப் பார்த்தேன்.
தோளிலிருந்து வேட்டிக்கரை வரை
இன்னும் காயாத தொப்பல்.

வரிசையில் அடுத்து கலியன்.
துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது, உடம்பு பாதி வளைந்துவிட்டது,
"ஐயா" என்று ஆரம்பித்தார்.
கருவியில் நெல்லைப் போட்டேன்.
எண் வருமுன் சொன்னேன்:
"பத்தொம்பது."
கனகு தலையைச் சொறிந்தான்.

உட்காரப் போனேன்.
நாற்காலியில் சின்னதாய் ஒரு குளம்.
அன்று மீதி மூட்டைகளுக்கெல்லாம்
நின்றுகொண்டேதான் பட்டியல் எழுதினேன்.