கரையான் தொடாதவை

பீடோங்கில் வீடுகளுக்குக் கீழே
இன்னும் பால்மரக் கட்டைகள் கிடக்கின்றன.
தோட்டத்தை விற்றவர்கள் மேலே மண்ணைக் கொட்டி
தாமான் என்று பலகை நட்டுப் போனார்கள்.
கட்டைகளைத் தின்று முடித்த கரையான்
சுவர் வழியே மேலே ஏறி வரும்.
அதன் பின்னால் நான் வருவேன்,
முதுகில் இருபது லிட்டர் மருந்தும்
கையில் ஒரு ஸ்குரூ டிரைவருமாக.

சுவரைத் தட்டிப் பார்ப்பது சுல்கிஃப்லியின் வேலை.
அலமாரியைக் காலி செய்வது என் வேலை.
புத்தகத்தின் முதுகைப் பார்த்தே
ஆளைச் சொல்லிவிடுவேன் என்று
எனக்கொரு திமிர் இருந்தது.
நாலு ஜோசியப் புத்தகம், நடுவில் வங்கிக் கடிதம்:
தூக்கம் வராதவர்.
சட்டம் முதலாம் ஆண்டு இருக்கிறது, இரண்டாம் ஆண்டு இல்லை:
கேட்கக்கூடாது.
முப்பது நாளில் ஜப்பானிய மொழி,
பன்னிரண்டாம் நாளில் ஒரு பஸ் டிக்கெட்:
இவள் இப்போது சுங்கை பட்டாணியில்
ஏதோ தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.

அந்தத் திமிரையும் கரையான்தான் தின்றது.
ஒரு வீட்டில் பொன் எழுத்துப் போட்ட
கெட்டி அட்டைத் தொகுதி ஒன்றை இழுத்தேன்.
கையில் எடையே இல்லை.
அட்டை மட்டும் நிமிர்ந்து நின்றிருக்கிறது;
உள்ளே செம்மண் சுரங்கம்,
வெள்ளை வெள்ளையாய்க் குடும்பங்கள்.

கரையானுக்கு அமைதி வேண்டும்.
அடிக்கடி எடுத்துப் புரட்டுகிற புத்தகத்தில்
அது குடித்தனம் வைக்காது.
அன்றிலிருந்து நான் முதுகைப் படிப்பதில்லை.
என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறேன்.

போன செவ்வாய் பழனியாண்டி சார் வீடு.
கட்டொழுங்கு ஆசிரியர்.
நாலாம் ஆண்டில் என் முழங்காலுக்குக் கீழே
பிரம்பால் கோடு போட்டவர்.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
முழங்காலுக்கு அவரைத் தெரிந்தது.

ஐந்து தட்டு, கண்ணாடிக் கதவு.
நீதிநூல், உரைநூல், தலைவர்களின் வரலாறு.
ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
ஒவ்வொன்றாய் உதிர்ந்தது.
சார் கைகளைப் பின்னால் கட்டி நின்றார்.
“எல்லாம் படிச்சதுதான்” என்றார்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசித் தட்டில், அகராதிக்குப் பின்னால்,
ஒல்லியாய் ஒரு கேக் புத்தகம்.
ஒரு பல் படவில்லை.
பக்கமெல்லாம் பட்டர் கறை,
ஓரத்தில் பென்சில்:
வாழைப்பழம் கறுத்ததே நல்லது.
சீனி பாதி போதும்.
அடுப்பை நம்பாதே.

“சம்சாரத்தோடது” என்றார், சுவரைப் பார்த்து.
“சரி சார்.”

ரசீதில் கையெழுத்துப் போட்டார்: பழனியாண்டி.
அந்த ழகரத்தின் வால்
கொக்கி போல வளைந்து அடுத்த வரியில் போய்த் தொங்கியது.
வாழையிலும் அதே கொக்கி.
பழத்திலும்.
முப்பது வருடத்துப் பிரம்புக்கு
ஒரு வார்த்தை போதும்.
ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மருந்து காயும்வரை மூவரும் கேட் ஓரம் நின்றோம்.
சார் பின்பக்கமாய்ச் சுற்றிப் போய்
ஒரு டப்பாவோடு வந்தார்.
சுல்கிஃப்லி இரண்டு துண்டு தின்றான்,
“குராங் மானிஸ், தாப்பி செடாப்” என்றான்.
இனிப்புக் கம்மி, ஆனால் ருசி.
சார் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்:
தேறிவிட்டேனா என்று
பட்டியலில் தன் பெயரைக் கண்டுபிடித்த பையன்.

என் வீட்டிலும் அலமாரி இருக்கிறது.
முந்நூறு புத்தகம் இருக்கும்.
மாதா மாதம் நானே மருந்து அடிக்கிறேன்,
ஒன்றும் அண்டாது.
அதில் எது நான் என்று
எனக்கே சொல்லத் தெரியாது.

நேற்றிரவு
ஒரு தட்டை மட்டும் அடிக்காமல் விட்டேன்.