நிமிடத்துக்கு ஒரு குடம்

கொரட்டூரில் எங்கள் தெருவின் அகலம்
ஆறே முக்கால் அடி.
ஜே.சி.பி. முனைவரை வந்து
இரும்புக் கையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போகும்.
மூன்று மழைக்காலமாக
முழங்காலளவு நின்ற தண்ணீருக்கு
அதுதான் நடந்த மரியாதை.

செங்குன்றத்து நாற்றுப்பண்ணையில் சும்மா நின்ற
மினி டிராக்டரை
பாதி ரொக்கம் பாதி வாக்கு கொடுத்து ஓட்டிவந்தேன்.
கையை நானே செய்தேன்.
பூமுக்கு அத்திப்பட்டில் கழித்துப்போட்ட பெட்டிக்குழாய்.
பக்கெட்டுக்கு பாய்லர் தகடு, மூன்று பல்.
சிலிண்டர் நான்கும் புதுப்பேட்டை.
ஒன்று ஃபோர்க்லிஃப்டில் இருந்ததாம்.
மற்றவை எங்கிருந்தன என்று கடைக்காரர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பாடியில் ஹோஸ் அழுத்தித் தரும் லூர்துமேரி
காதில் பென்சிலோடு கேட்டார்:
"பம்பு நிமிஷத்துக்கு எவ்ளோ குடுக்கும்?"
பதினெட்டு லிட்டர்.
"ஒரு குடம்னு வெச்சுக்கோ.
ஒரு குடம், நாலு வீடு. சண்டை வரும்."
பிறகு கிரிம்பிங் மெஷினைப் பார்த்துக்கொண்டே:
"பிரஷர் இருக்கு, தூக்கும்.
ஃப்ளோ இல்ல, நேரமாவும்.
ரெண்டையும் கொழப்பிக்காத."
பின்னால் சுழலும் தண்டில் தனி பம்பு,
அதற்கொரு தனி டேங்க் என்றார். விலையும் சொன்னார்.
நான் ஹோஸ் மட்டும் வாங்கினேன்.

கியருக்கும் கைக்கும் ஒரே எண்ணெய் இந்த வண்டியில்.
புதுப்பேட்டை அழுக்கு கியர்பெட்டிக்குள் போகுமே என்று
சிலிண்டர்களை மூன்றுமுறை டீசலில் கழுவினேன்.
நான்காம் முறையும் பழுப்பாகவே வந்தது.
கை நீளும்போது
அளவுக்கம்பியில் எண்ணெயே தெரியவில்லை,
ஐந்து லிட்டர் ஊற்றினேன்.
மடங்கியதும் கழுத்துவரை வந்து நின்றது.

ஐப்பசி, ஞாயிறு, காலை ஏழு மணி.
இரண்டு லெவரைச் சேர்த்து இழுத்தால்
பூம் அப்படியே நிற்கிறது, பக்கெட் மட்டும் சுருள்கிறது.
சுமை குறைந்த பக்கம்தான் எண்ணெய் ஓடும்.
திட்ட வாயெடுத்தேன்.
கஷ்டமான வேலையைத் தள்ளிவிட்டு
ஜன்னல் கம்பி, கேட் என்று பிழைக்கிறவன் நான்.
வாயை மூடிக்கொண்டேன்.

பூம் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள்
மாடிப்படியில் நின்ற ஹாரூன்
பதினாறாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டான்.
"இன்னாபா, ஸ்லோ மோஷன்ல ஓட்றே?"
பங்கஜவல்லி பால் பாக்கெட்டோடு நின்றாள்,
பால் சூடேறும்வரை நின்றாள்.

மூன்றடியில் ஒரு கருங்கல்.
லெவரை இழுத்தேன். வால்வு கீச்சிட்டது.
லூர்துமேரி சொன்னது சரி, பிரஷர் இருந்தது.
கல் வரவில்லை,
டிராக்டர் வந்தது.
முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழுந்து
குட்டி யானை பிளிறப்போவதுபோல் நின்றது.

சிரிப்பு அடங்கியபின்
இஸ்திரிக்காரர் காத்தவராயன் வந்து
பேசாமல் முன் பம்பரில் ஏறி உட்கார்ந்தார்.
பக்கத்தில் ஹாரூனின் அப்பா.
நடுவில் இரண்டு சிமெண்ட் மூட்டை.
பங்கஜவல்லி, "நானும் எம்பது கிலோதான், நகரு."
கல் வந்தது.

பிறகு யாரும் இறங்கவில்லை.
தெரு முழுக்க அவர்கள் எடையில்தான் தோண்டினேன்,
ஒரு நேரத்தில் ஒரு லெவர்,
நிமிடத்துக்கு ஒரு குடம்.
மண்ணைப் பையன்கள் சாக்கில் அள்ளினார்கள்.
நாலரைக்கு மழை பிடித்தது.
ஆறுக்கு, பழைய குழாயின் வாய் பக்கெட் பல்லில் தட்டியது.

லெவர் எல்லாம் நடுவில்.
எஞ்சின் மெதுவாக ஓட,
எண்ணெய் வேலையின்றி
பம்புக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றிக்கொண்டிருந்தது.
தேங்கிய தண்ணீர் குழியின் விளிம்பில்
கொஞ்சம் யோசித்தது,
ஒரு பிஸ்கட் தாளை முதலில் அனுப்பிப் பார்த்தது,
பின் போனது
எந்த பிரஷரும் இல்லாமல்,
என் பம்பைவிட வேகமாக.

"எறங்கலாமா?" என்றார் காத்தவராயன்.
பக்கெட் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னேன்:
ஒவ்வொருத்தரா.