ஒரு விரல் குறைவு

எவ்வளவு உயரம் என்று கேட்டான் கல்தச்சன்.
எங்கள் வாசலில் குனிவான் என்றேன்.
அது போதுமென்று பேழையை வெட்டிவிட்டான்,
ஒரு தொடையெலும்பு நீளத்துக்கு.

வருடம் திரும்பியது. குகைக் கல்லை உருட்டினோம்.
சதை தன் கணக்கைத் தீர்த்துப் போயிருந்தது.
மாடத்தில் ஹில்கியா,
திராட்சைரசமும் எண்ணெயும் தெளிக்கத்
தேன் நிறமானான்.

காலெலும்புகள் அடியில்.
கையெலும்புகள் அதன்மேல்.
இடது கையை எண்ணினேன், திரும்ப எண்ணினேன்.
சுண்டுவிரல் இல்லை.
இருக்காதென்று தெரியும். ஒலிவச் செக்கு அதைக் கடித்து
இருபத்திரண்டு வருடம்.
அன்று அவனே அதைத் துணியில் சுற்றி
பெத்பகே அத்திமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து
"என்னில் கொஞ்சம் முன்னால் போயிருக்கிறது" என்றான்.

தெருக்கோடி வேதபாரகர் கவலைப்பட்டார்:
கடைசி நாளில் எலும்பு எலும்பைத் தேடும், அம்மா,
அதை ஏன் அலைய விடுகிறாய், தோண்டி எடுத்து வை.

கொழுந்தன் போயெத்தோ சிரித்தான்.
ஆலயத்தில் விறகுக் கணக்கு எழுதுகிறவன்,
பலிபீடச் சாம்பலைத் தினமும் பார்க்கிறவன்.
அதிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டியும்
எழுந்து போனதில்லை என்பான்.

தங்கை மகள் குரியா
விளக்கு வைத்தபின் யார் யார் வீட்டிலோ அப்பம் பிட்கப் போகிறவள்,
என் காதருகே வந்தாள்:
"ஒருவர் எழுந்தே விட்டார், பெரியம்மா.
காயம் ஆறாமல். கையில் துளை அப்படியே."
மற்றதெல்லாம் எனக்கு விளங்கவில்லை.
அந்த 'அப்படியே'யை மட்டும்
முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டேன்.

மண்வெட்டியோடு பெத்பகே போனேன்.
மரம் நின்றது, காய்த்து, கொழுத்து,
வேர் சுவரைப் பிளந்திருந்தது.
குத்திய முதல் குத்திலேயே நிறுத்திவிட்டேன்.

இருபத்திரண்டு கோடை
இதன் பழத்தைத் தின்றிருக்கிறோம்.
அவனும் தின்றான், விதை பல்லில் சிக்க.
பாலூட்டிய நாளில் நான் கூடை கூடையாய்.
அந்த விரலை இப்போது
எந்த மண்ணில் போய்த் தோண்டுவது?
எக்காளம் ஊதும்போது அது
மரத்திலிருந்து எழுமா, என்னிலிருந்தா,
கல்யாணமாகி தமஸ்குவில் இருக்கிற மகளின்
முழங்காலிலிருந்தா?

வேதபாரகரிடம் கேட்கவில்லை. அவர் தூக்கம் கெடும்.

என் வேண்டுதல் சின்னது.
எழுப்புகிறவரே, எழுப்பினால்
நாலு விரலோடே எழுப்பும்.
முழுக்கையோடு ஒருவன் வந்து
இருட்டில் என் முதுகைத் தொட்டால்
யாரென்று அலறுவேன்.

பேழைப் பக்கத்தில் ஆணியால் பெயரைக் கீறினேன்.
எழுத்து கோணி, கடைசி எழுத்து
விளிம்பில் இடமில்லாமல் கீழே இறங்கியது.
மூடி கனம். ஒரு முனை நான், மறுமுனை போயெத்தோ.
இறக்கும்போது பதறினான்:
"கை, கை, பார்த்து!"

என் கைகள் மூடிமேல் இருந்தன.
அவன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.