வலது கை

கொன்சீலியா வலது கை தைப்பாள்.
நான் இடது.
ஆறாம் லைன், மணிக்கு எண்பது சட்டை.

ஐந்து நாளாய்க் கதையில்லை.
தை மாதச் சீட்டை அவள் கழிவுக்கு எடுத்ததும்
நான் ஒரு சொல்லுக் கூடச் சொன்னதும்.
அவளின் கையும் என் கையும் மட்டும்
மூன்றாம் மேசையில்
யாரோ ஒருவனின் தோளில் போய்ச் சேரும்.

இன்று பின்னேரம் என் ஊசி உடைந்தது.
மெக்கானிக் பெடியன் எங்கோ எட்டாம் லைனில்.
இடது கைகள் மடியில் குவியக் குவிய
சுப்பவைசர் மணிக்கூட்டைப் பார்த்தா.

கொன்சீலியா திரும்பவில்லை.
கையை நீட்டிப்
பாதிக் கட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இடதுக்கு வளைவு வேறு. பழக்கமில்லை அவளுக்கு.
இரண்டு இடத்தில் சுருக்கு.
பிறகு நான் பிரித்துத் தைத்தேன்,
அவள் தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்து.

ஏழு மணி பஸ்.
யன்னல் கரைச் சீட்டில் அவளின் சாப்பாட்டுப் பை.
என்னைக் கண்டதும் மடியில் எடுத்து வைத்தாள்.

முரசுமோட்டை தாண்டும்வரை ஒன்றுமில்லை.
வயல் இருட்டு, வாய்க்கால் தண்ணி மணம்.

"பிரிச்சனி என்ன?"
"ரெண்டு மட்டும்."
"மூண்டு. மற்றது போட்டுது."

சிரித்ததில் முன்சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

சீட்டுக் காசை இரண்டு பேரும் எடுக்கவில்லை.
தருமபுரத்தில் அவள் இறங்கினாள்.
வெள்ளிக்கிழமை
அடுத்த தவணை.